38 வருடம் பாடாமலிருந்த ஒருவரின் இசைத்தொகுப்பும் எங்கள் குஞ்சியப்புவின் அம்பாவும்

#1 ஆழியவளைக்காரன்

வணக்கம். இந்தப் பகுதியில் நான் வாசிக்கிறவன்தான், எழுதியது மிகக் குறைவு. இது கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஷேர்லி கொலின்ஸ் என்று இங்கிலாந்தின் சசெக்ஸ் பக்கத்து நாட்டார் பாடகி ஒருவர். அவருடைய ‘லோட்ஸ்டார்’ தொகுப்பை அண்மையில்தான் முழுதாகக் கேட்டேன். 2016 நவம்பரில் வந்தது. அப்போது அவருக்கு 81 வயது. அதற்கு முந்திய தொகுப்பு 1978இல், அக்கா டொலியோடு சேர்ந்து செய்தது. நடுவில் 38 வருடம். கணவர் விட்டுவிட்டுப் போன நாட்களில் மேடையில் வாயைத் திறந்தால் சத்தம் வராமல் போயிருக்கிறது. ஒரு நாள் வரும், மறுநாள் வராது. கடைசியில் பாட்டையே விட்டுவிட்டு வேறு வேலைகள் பார்த்துப் பிழைத்திருக்கிறார்.

தொகுப்பைக் கேட்கத் தொடங்கியதும் கொஞ்சம் திடுக்கிடும். 1960களின் பதிவுகளில் இருக்கிற அந்தத் தெளிந்த தண்ணீர்க் குரல் இல்லை. கீழே இறங்கி, கரகரத்து, ஓரம் தேய்ந்து போயிருக்கிறது. மூன்றாவது பாட்டுக்கு வரும்போது எனக்கு அது பழகிவிட்டது. அதற்குப் பிறகு பழையதைப் போட்டுக் கேட்டால், இளம் பிள்ளை ஒருத்தி கொலைக் கதை சொல்கிற மாதிரி இருந்தது.

சரி, இப்போது எங்கள் கதை. எங்கள் குஞ்சியப்புவுக்கு, அதாவது சித்தப்பாவுக்கு, 74 வயது. யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கில் கரைவலைக்கு அம்பா, அதாவது வலை இழுக்கும்போது பாடுகிற பாட்டு, பாடியவர். கரைவலை தெரியாதவர்களுக்கு: தோணி வலையை அரைவட்டமாக விட்டுக்கொண்டு போய் வரும், இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று இரண்டு கூட்டம் இழுக்கும், மீன் சேர்கிற வலைப் பையான மடி கரைக்கு வர மணித்தியாலக்கணக்காகும். ஒருவர் அடி எடுப்பார், மற்றவர்கள் “ஏலேலோ” என்று வாங்குவார்கள். அந்த வாங்கலில்தான் இழுவை. எங்கள் கரையில் எடுக்கிறவர் குஞ்சியப்பு. முதல் குரலாக வாங்குகிறவர் அவருடைய கூட்டாளி. 2004 மார்கழி 26இல் சுனாமியில் கூட்டாளி போய்விட்டார். அன்றிலிருந்து குஞ்சியப்பு பாடியதில்லை. 2009இல் செட்டிகுளம் அகதி முகாம், பிறகு மீள்குடியேற்றம், திரும்பி வந்து பார்த்தால் கரைவலையை உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டி இழுக்கிறார்கள். இயந்திரத்துக்கு அம்பா தேவையில்லைத்தானே.

போன பங்குனியில் ஒரு நாள் அந்த உழவு இயந்திரம் மணலில் புதைந்து நின்றுவிட்டது. வலை கடலில், நீரோட்டமோ பலம். ஊரில் கை கால் உள்ள எல்லோரையும் கூப்பிட்டார்கள். குஞ்சியப்புவும் போய்க் கயிற்றைப் பிடித்தார். ஒரு கால் மணித்தியாலம் ஆளுக்கொரு பக்கம் இழுத்து ஒன்றும் சரிவரவில்லை. அப்போது அவருக்கு வாய் திறந்துவிட்டது. வாங்கத் தெரிந்த ஒருவனும் அங்கே இல்லை. இரண்டாவது அடிக்கு, வாடிக்கு, அதுதான் மீனவர் கொட்டிலுக்கு, பக்கத்தில் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்த பெரியம்மா ஒருவர் அங்கிருந்தே “ஏலேலோ” என்றார். பிறகு பொடியங்களும் பிடித்துக்கொண்டார்கள்.

நான் போனில் பிடித்தேன். 4 நிமிடம் 10 விநாடி. பாதி காற்றுச் சத்தம்.

இப்போது ரொறன்ரோவில் இருக்கிற மச்சான், அவரை நகரத்து ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றுக்குக் கூட்டிப்போய், கீபோர்ட்டும் றிதம் பாட் என்கிற மின்தாளக் கருவியும் சேர்த்து ஒரு தொகுப்பாக வெளியிடுவோம், செலவு தன்னுடையது என்கிறான். நல்ல மனதோடுதான் சொல்கிறான். எனக்குச் சரியாகப் படவில்லை, ஆனால் ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை. உங்கள் அபிப்பிராயம் என்ன?

#2 பனங்கிழங்கு

தம்பி, நல்லாய் எழுதியிருக்கிறீர். ஒரு கேள்வி. எல்லாவற்றையும் தொகுப்பாக்கத்தான் வேண்டுமா? அந்த மனிசன் அன்றைக்கு வலை வரவேண்டும் என்று பாடினார். வலை வந்தது. அதோடு அந்தப் பாட்டின் வேலை முடிந்தது. அதைப் போத்தலில் அடைத்து ரொறன்ரோவில், ஸ்காபரோக் கலியாண மண்டபத்தில் போட்டால், சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிறபோது பின்னுக்கு ஓடும். அவ்வளவுதான்.

நான் கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இங்கே 30 வருடமாக “எங்கள் பாரம்பரியம்” என்று மேடையில் ஏறியதையெல்லாம் பார்த்துக் களைத்துப்போனவன்.

#3 சயிக்கிள் டைனமோ

ஒலிப்பதிவுக் கூடம் வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

‘லோட்ஸ்டார்’ எங்கே பதிவானது என்று பார்த்தீர்களா? லூயிஸ் என்ற சின்ன நகரத்தில் அவருடைய சொந்த வீட்டில். கூடத்துக்குப் போய் முன்பின் தெரியாத ஆட்களுக்கு முன்னால் பாட அவருக்குக் கூச்சம். அதனால் ஸ்டீபன் துரோவர், ஒசியன் பிரவுன் என்ற இரண்டு பேர் கருவிகளை வீட்டுக்கே கொண்டுபோய்ப் பிடித்தார்கள். இசைப் பொறுப்பு இயன் கியரி. ஒரு பாட்டில் வெளியே குருவிகள் கத்துவது அப்படியே கேட்கிறது. வெட்டவில்லை. அந்தப் பாட்டு தாயையும் குழந்தையையும் கொல்கிற கதை. அதற்குப் பின்னால் குருவி தன்பாட்டில் தன் சோலியைப் பார்க்கிறது. எந்தக் கீபோர்ட்டாலும் அதைச் செய்ய முடியாது.

90களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சயிக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வயர் கொழுவித்தான் வானொலியும் கசெற்றும் கேட்டோம். சுற்றுகிறவனுக்குக் கை உளைந்தால் பாட்டும் உளையும். பாடகர் திடீரென்று அழப்போகிற மாதிரி இழுப்பார், “டேய் சுத்தடா” என்று சத்தம் வரும், உடனே பெண் குரலில் பாடத் தொடங்குவார். இன்றைக்கும் சில பாட்டுகளைச் சுத்தமான பதிவில் கேட்டால் எனக்கு ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். ஆகவே காற்றுச் சத்தத்துக்குப் பயப்படாதீர்கள். ஆனால் அடுத்த முறை போனின் மைக்குக்கு மேல் ஒரு துண்டுப் பஞ்சு வைத்துக் கட்டுங்கள், பாதிக் காற்று போகும்.

#4 கொட்டடி

எல்லாம் சரி. எங்கட ஆளைப் பற்றிக் கதைக்க எதற்கு ஒரு வெள்ளைக்காரி? நடிகமணி வி. வி. வைரமுத்து மயான காண்டம் இசைநாடகத்தில் விடிய விடியப் பாடிய மண் இது. வயது போய், குரல் உடைந்து பாடிய கூத்து அண்ணாவிமார் எத்தனை பேர். அவர்களுக்கு யாராவது “மீள்வருகை” என்று பெயர் வைத்தார்களா? ஆங்கிலத்தில் ஒன்று நடந்தால்தான் எங்களுக்கு எங்கட வீட்டுக் கிழவனே கண்ணில் படுகிறார்.

#5 ஆழியவளைக்காரன்

கொட்டடி அண்ணை, குத்து சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. மறுக்கவில்லை. குஞ்சியப்பு 20 வருடம் பாடாமல் இருந்தது எனக்கு ஒரு விசயமாகவே படவில்லை. அவர் கதைப்பதே குறைவு, ஆகவே பாடாததும் அதில் ஒன்று என்று விட்டுவிட்டேன். ஒரு வெளிநாட்டுப் பாடகி 38 வருடம் ஏன் பாடவில்லை என்று வாசித்த இரவுதான், எங்கட ஆளிடம் நான் ஒரு நாளும் கேட்டதில்லையே என்று உறைத்தது. வெட்கம்தான்.

#6 நிலாவரை

நான் இசை ஆசிரியை. மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலையில் படித்தவள், வாய்ப்பாட்டு. ஒரு பாவத்தை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் பாடசாலைத் தமிழ்த்தினப் போட்டிக்கு அம்பாப் பாட்டு ஒன்று பழக்கினேன். எங்கிருந்தோ கிடைத்த எழுத்துப் படியை வைத்து, சுருதிப் பெட்டியைப் போட்டு, ஆதி தாளத்தில் பொருத்தினேன். பிள்ளைகளுக்கு ஒரே நிறச் சாரம், கழுத்தில் லேஞ்சி, கையில் பூப்பந்து வலை. உண்மையான வலை நாறும் என்று அதிபர் சொன்னார். முதலாம் இடம் வந்தது.

பரிசு வாங்கிக்கொண்டு இறங்கும்போது ஒரு பிள்ளையின் தகப்பன் வந்தார். கடற்றொழிலாளி. “ரீச்சர், நல்லாயிருந்தது. ஆனால் அந்தத் தாளத்துக்கு இழுத்தால் ஒரு மீனும் வராது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அன்றைக்கு முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

பிறகுதான் விளங்கியது. நான் தாளத்தை எட்டாக வெட்டி வைத்திருந்தேன். அம்பாவில் அடி எவ்வளவு நீளம் என்பதைக் கயிறு தீர்மானிக்கிறது. வலை கனத்தால் அடி நீளும், இளகினால் சுருங்கும். அலை பின்வாங்குகிற நேரம் ஒருவரும் இழுக்கக் கூடாது, அப்போது எடுக்கிறவர் ஒரு சொல்லை இழுத்து வைத்துக்கொண்டு நிற்பார். நான் அதைப் பிழையான கார்வை, தாளத்துக்குப் பொருந்தாத நீட்டல், என்று நினைத்துத் திருத்தியிருந்தேன்!

மச்சானுடைய றிதம் பாட் கருவியும் அதே வேலையைத்தான் செய்யும். கேட்க நன்றாயிருக்கும், கயிறு அறுந்திருக்கும்.

#7 குரல்வளை

பேச்சு, குரல் சிகிச்சைத் துறையில் இருக்கிறேன். கொலின்ஸுக்கு வந்ததை டிஸ்போனியா என்று எழுதுவார்கள். அது ஒரு தனி நோயின் பெயர் இல்லை, குரல் கெட்டுப்போகிற நிலைக்கான பொதுச் சொல். தொண்டைத் தசைகள் தேவைக்கு மேல் இறுகுவதாலும் வரும், மனம் தாங்காத நேரத்தில் குரல்நாணில் ஒரு குறையும் இல்லாமலே வரும். நரம்புக் கோளாறால் குரல்நாண் தசைகள் தாமாக வெட்டி இழுக்கிற வகையும் இருக்கிறது, அதற்கு பொட்டொக்ஸ் ஊசி போடுவார்கள்.

வயதுக் குரல் வேறு விசயம். குரல்நாண் மெலிந்து, இரண்டும் சரியாகப் பொருந்தாமல் காற்றுக் கசியும். ஒரு வேடிக்கை என்னவென்றால், பெண்களுக்குப் பெரும்பாலும் குரல் இறங்கும், ஆண்களுக்குக் கொஞ்சம் ஏறும். கொலின்ஸின் குரல் இறங்கியதும் அப்படி இருக்கலாம். குஞ்சியப்புவின் குரல் முந்தியதைவிட மெல்லிசாகக் கேட்டால் பயப்பட வேண்டாம்.

அவர் சுருட்டுப் பத்துகிறவரா? கரகரப்பு மூன்று கிழமைக்கு மேல் தொடர்ந்து இருந்தால் பாட்டு, பதிவு எல்லாவற்றுக்கும் முதல் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள். இதை மறக்காதீர்கள்.

#8 ஆழியவளைக்காரன்

சுருட்டுத்தான். நாளுக்கு மூன்று. இரண்டு என்று அவர் சொல்லுவார். கரகரப்பு எங்கள் நினைவு தெரிந்த நாளிலிருந்தே இருக்கிறது, என்றாலும் கூட்டிக்கொண்டு போகிறேன்.

#9 பனங்கிழங்கு

நிலாவரை பிள்ளை எழுதியதை மூன்று தரம் வாசித்தேன். “கயிறு அறுந்திருக்கும்.” சரி, நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன்.

ஆழியவளைத் தம்பி, உம்முடைய கதையில் நீர் தாண்டிப் போய்விட்ட ஒன்று இருக்கிறது. குரல் போனதால் அவர் நிறுத்தவில்லை. வாங்குகிற ஆள் போய்விட்டார், அதனால் நிறுத்தினார். அன்றைக்கு அந்தப் பெரியம்மா வாடியிலிருந்து குரல் கொடுக்காவிட்டால் அவர் மூன்றாவது அடி எடுத்திருப்பாரோ தெரியாது. அந்தப் பாடகிக்கும் அக்கா இருந்தார் என்கிறீர். அந்த அக்கா என்ன ஆனார்?

#10 சயிக்கிள் டைனமோ

டொலி கொலின்ஸ் 1995இல் இறந்துவிட்டார். தங்கையின் பாட்டுக்குச் சிறிய குழாய் ஆர்மோனியம் மாதிரி ஒரு பழைய காலத்துக் கருவியை வாசித்தவர், இசை ஒழுங்கும் அவர்தான். 1969இலும் 70இலும் வந்த தொகுப்புகளில் அந்தக் கருவியின் சத்தத்தைக் கேட்டால் தேவாலயத்துக்குள் ஈரமண் வாசம் அடிக்கிற மாதிரி இருக்கும்.

அண்ணை கேட்டதற்குப் பதில் இதற்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஷேர்லி தானாகத் திரும்பி வரவில்லை. டேவிட் திபெத் என்று ஒரு இசைக்காரர், அவருடைய பாட்டு வகைக்கும் இதற்கும் ஏழாம் பொருத்தம், வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருந்தார். மாட்டேன், மாட்டேன் என்று சொல்லிச் சொல்லி, 2014 மாசியில் இலண்டன் யூனியன் சப்பல் அரங்கில் இரண்டே இரண்டு பாட்டுப் பாடினார். அதற்குப் பிறகுதான் தொகுப்பு. வீட்டில் பதிவு செய்யும்போதும் சுற்றி இருந்தவர்கள் வேண்டியவர்கள். வாங்குகிறதற்கு ஆள் இருந்தது.

#11 பருத்தித்துறை வடை

வஷ்டி பனியன் என்றும் ஒரு பாடகி இருக்கிறார். 1970இல் ஒரு தொகுப்பு, ஒருவரும் வாங்கவில்லை, பிள்ளைகளை வளர்க்கப் போய்விட்டார். அடுத்த தொகுப்பு 2005இல். பாடகி லிண்டா தொம்சன் இன்னும் விசேசம். குரல் நோய் முற்றிப் பாட முடியாமல் போக, 2024இல் தன்னுடைய பாட்டுகளை மற்றவர்களைப் பாட வைத்து ஒரு தொகுப்பு போட்டார். எடுக்கிறவர் இல்லாமல் வாங்குகிறவர்கள் மட்டும்!

(வேலைக்கு நேரமாகிவிட்டது, மிச்சம் பின்னேரம்.)

#12 கணக்கப்பிள்ளை

நான் சுவாரசியமில்லாத விசயம் பேச வந்திருக்கிறேன். காசு.

கொலின்ஸ் 1959இல், 24 வயதில், நாட்டார் பாட்டுச் சேகரிப்பாளர் அலன் லோமக்ஸோடு அமெரிக்காவின் தென் மாநிலங்களுக்குப் பாட்டுச் சேகரிக்கப் போனவர். மிசிசிப்பியில் புளூஸ் பாடகர் பிரெட் மக்டவலை முதன்முதல் பதிவு செய்தது அந்தப் பயணத்தில்தான். மனிதர் பகலில் பருத்தித் தோட்டத்து வேலை, பொழுதுபட வந்துதான் பாடினார்.

அதே வருடம் அங்கே ஒரு சிறைச்சாலையில், விறகு வெட்டிக்கொண்டே கைதிகள் பாடியதையும் லோமக்ஸ் பிடித்தார். எடுத்துக் கொடுத்தவர் பெயர் ஜேம்ஸ் காட்டர். கோடரி விழுகிற சத்தம்தான் தாளம். அம்பாவுக்கு நேர் சொந்தக்காரன். 2000இல் அந்தப் பதிவை ஒரு ஹொலிவுட் படத்தில் போட்டார்கள். படத்தின் இசைத்தட்டு இலட்சக்கணக்கில் விற்று 2002இல் கிராமி வாங்கியது. அந்த விருது விழாவுக்குச் சற்று முன்தான் காட்டரைத் தேடி, சிக்காகோவில் கண்டுபிடித்து, முதலில் 20,000 டொலர் காசோலை கொடுத்தார்கள். 40 வருடத்துக்கு மேல் கழித்து. அவரைத் தேட வேண்டும் என்று நினைத்த ஆட்கள் இருந்ததால் கிடைத்தது. அப்படி ஆட்கள் இல்லாத பதிவுகள்தான் உலகத்தில் அதிகம்.

ஆகவே தம்பி, மச்சான் நல்லவனாகவே இருக்கட்டும். பாடியவர் யார், வாங்கியவர்கள் யார், வருமானம் வந்தால் யாருக்கு எவ்வளவு என்று ஒரு கொப்பித் தாளில் எழுதிக் கையெழுத்து வையுங்கள். வாடிப் பெரியம்மாவின் பெயரும் அதில் இருக்க வேண்டும். அவர்தான் மறந்துபோகப்படுவார், சொல்லி வைக்கிறேன். ஒரு பிரதியை ஈழத்து ஆவணங்களை மின்வடிவில் சேர்க்கிற ‘நூலகம்’ நிறுவனத்தின் ஆவணகத்துக்குக் கொடுங்கள். போனில் இருக்கிறது பத்திரம் என்று நினைக்க வேண்டாம், போன் கடலில் விழும்.

#13 கொட்டடி

ஒரு விசயத்தை ஒருவரும் தொடவில்லை. அம்பாவில் பாதி பச்சை. சின்ன வயதில் தாளையடியில் மாமா வீட்டுக்குப் போனபோது கேட்டிருக்கிறேன். வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியின் கஞ்சத்தனம், தொழிலை நடத்துகிற மண்டாடியின் மனைவி, கள்ளு, இன்னும் சொல்ல முடியாதவை. பெண்கள் பக்கத்தில் வந்தால் உடனே முருகன் பாட்டாகிவிடும். தொகுப்பு என்று வந்தால் கடவுள் வாழ்த்தோடு தொடங்கி, உழைப்பின் மேன்மை என்று முடித்து, உப்பில்லாக் கஞ்சியாக்கி விடுவார்கள். எழுத்தில் வந்திருக்கிற அம்பாக்களைப் பாருங்கள், எல்லோரும் குளித்து முழுகித் திருநீறு பூசிக்கொண்டு வலை இழுத்த மாதிரி இருக்கும்.

#14 நிலாவரை

என் எழுத்துப் படியும் குளித்து முழுகியதுதான் அண்ணை.

கொலின்ஸ் இந்த விசயத்தில் கறார் என்று வாசித்திருக்கிறேன். கொலையோ பழியோ, பாட்டில் உள்ளது உள்ளபடி. பாடுகிறவர் அதற்கு மேல் நடிக்கக் கூடாது, பாட்டு தனக்குள்ளால் போகட்டும் என்று ஒதுங்கி நிற்க வேண்டும் என்பார். உணர்ச்சிபாவம், உணர்ச்சிபாவம் என்று மேடையில் கண்ணை மூடிக் குரலை நடுங்க விடுகிற எங்கள் பழக்கத்துக்கு அது நல்ல மருந்து.

#15 ஆழியவளைக்காரன்

புதினம் இருக்கிறது.

வைத்தியரிடம் காட்டினோம், பயப்பட ஒன்றுமில்லை. சுருட்டைக் குறைக்கச் சொன்னார். “குறைச்சுத்தானே மூண்டு” என்றார் குஞ்சியப்பு, இரண்டு என்று இவ்வளவு காலமும் சொன்னதை மறந்து.

மச்சானிடம் இந்த இழையை அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு “கீபோர்ட் வேண்டாம், ஆனால் எனக்கு ஒரு பிரதி வேணும்” என்று குரல் செய்தி. அவன் குரல் சரியாக இல்லை. குஞ்சியப்புவின் கூட்டாளி என்று எழுதினேனே, மச்சான் அவருடைய மகன்தான். இதை முதலே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் அவன் மேல் ஒரு கீபோர்ட்டைச் சுமத்திவிட்டேன்.

இப்போது சிக்கல் வேறு. குஞ்சியப்புவை முற்றத்தில் கதிரையில் இருத்தி, போனை வைத்து, பாடுங்கோ என்றால் வாய் திறக்கவில்லை. ஒரு அடி எடுத்தார், நிறுத்தினார். “கயிறு இல்லாமல் எப்படியடா மூச்சு வரும்?” என்கிறார்.

#16 சயிக்கிள் டைனமோ

கயிற்றைத் தென்னையில் கட்டிக் கையில் கொடுங்கள்.

#17 ஆழியவளைக்காரன்

கட்டினோம். பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு விட்டார். “மரம் வராது. மடி வரும்.”

#18 பனங்கிழங்கு

ஆகா. மறுமுனையில் ஆளைப் போடும் தம்பி. மெல்ல மெல்ல விட்டுக் கொடுக்கச் சொல்லும்.

#19 ஆழியவளைக்காரன்

நேற்று முடிந்தது. எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்பதற்காக விடிய எழுந்து எழுதுகிறேன்.

பொடியங்கள் நான்கு பேர் மறுமுனை. இந்தப் பக்கம் குஞ்சியப்பு, நான், இன்னும் இரண்டு பேர். மறுமுனைக்காரருக்கு அவரே பழக்கினார்: இறுக்கிப் பிடி, இப்ப இளக்கு, இப்ப அலை பின்னுக்குப் போகுது, நில். நில் என்கிற இடத்தில் அவர் ஒரு சொல்லை இழுத்து வைத்துக்கொண்டு நிற்கிறார், நிலாவரை ரீச்சர் எழுதிய மாதிரியே. அந்த நேரம் எனக்கு உள்ளங்கை எரிந்துகொண்டிருந்தது. பாட்டு எப்போது இறங்கும் என்று உடம்பு காத்துக்கொண்டு நின்றது. அம்பாவை நான் அதற்கு முதல் காதால் மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

வாடிப் பெரியம்மா தன்னுடைய பலகைக் கட்டையையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கூப்பிட நினைத்திருந்தோம், அதற்குள் அவரே வந்தார். 20 வருடத்துக்கு முந்திய அடிகளை அவர் எப்படித் தெரிந்து வைத்திருக்கிறார் என்று கேட்டேன். “நான் கருவாடு போடுற இடத்திலதானே காதும் இருந்தது” என்றார்.

ஐந்தாவது பாட்டில் குஞ்சியப்பு ஒரு அடியைத் தாண்டிப் போனார். பெரியம்மா விடவில்லை. அந்த அடியைத் தானே எடுத்துவிட்டார். கொட்டடி அண்ணை சொன்ன வகைதான், சம்மாட்டியின் மகளும் ஒரு பாரை மீனும் அதில் வருகிறார்கள். இதற்கு மேல் இங்கே எழுத முடியாது. பொடியங்கள் கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தார்கள், நாங்கள் நால்வரும் பின்னால் விழுந்தோம். குஞ்சியப்பு மண்ணில் இருந்துகொண்டே சிரித்தார். எனக்கு நினைவு தெரிந்து அவர் அப்படிச் சிரித்ததில்லை.

மொத்தம் ஒன்பது பாட்டு. கணக்கப்பிள்ளை அண்ணை சொன்ன தாள் எழுதியாகிவிட்டது, பெரியம்மா கையெழுத்து வைத்துவிட்டு “எனக்குப் பாதியோ?” என்று கேட்டார். இன்னும் பதில் சொல்லவில்லை. தலைப்பு வைக்கவில்லை. குஞ்சியப்பு ஒன்றே ஒன்றுதான் கேட்டார், முதல் பிரதி ரொறன்ரோவுக்குப் போக வேண்டும்.

டைனமோ அண்ணை, ஐந்தாவது பாட்டில் விழுந்ததும் சிரித்ததும் 40 விநாடி இருக்கிறது. அதற்குப் பிறகு பாட்டு திரும்பத் தொடங்குகிறது. வெட்டவா?

#20 சயிக்கிள் டைனமோ

வெட்டினால் நான் இந்த இழைப் பக்கமே வரமாட்டேன். விழுந்த இடத்தில் மைக் அடிபட்டுச் சத்தம் வெடித்திருந்தால் மட்டும் கோப்பை அனுப்புங்கள், அதை இறக்கித் தருகிறேன்.

#21 பருத்தித்துறை வடை

அந்த அடியைத் தனிமடலில் அனுப்ப முடியுமா? ஆராய்ச்சிக்குத்தான்.

#22 கணக்கப்பிள்ளை

பெரியம்மாவுக்குப் பாதி கொடுங்கள்.